டிரைவரின் இடது கண்

கண்ணைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள் அந்தப் பிள்ளை. சொட்டு மருந்து முதலில் சில்லென்று இருந்தது, அப்புறம் மிளகாய் கிள்ளின கையால் தொட்டதுபோல எரிந்தது, எரிந்து கன்னத்தில் வழிந்ததைப் பஞ்சால் ஒற்றிக்கொண்டு குத்தாலிங்கம் பெஞ்சில் சாய்ந்தார். தலைக்கு மேலே மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தரம் டொக்கென்றது. தண்டவாளத்தின் இணைப்பில் சக்கரம் ஏறி இறங்குவதுபோலத்தான் அந்த டொக்கு, ஆனால் ரொம்ப மெதுவான வண்டி, ஏதோ குட்ஸ் வண்டி, ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு போகிற வண்டி. கண்ணை மூடினால் எல்லாச் சத்தமும் ரயிலாகிவிடுகிறது என்று வீட்டுக்காரி பூரணம் கேலி பண்ணுவாள். பண்ணட்டும். வேலையில் இருந்த காலமெல்லாம் கண்ணைத் திறந்தே வைத்திருக்கத்தான் சம்பளம் கொடுத்தார்கள், மூடி உட்காருவதற்கு இப்போதுதான் ஒருத்தி சொல்லியிருக்கிறாள், அதுவும் பேத்தி வயசுப் பிள்ளை, பெனினா என்று பேர், சட்டைப் பையில் குத்தியிருந்த பேரை வலது கண்ணால் படித்தார். வலது கண்ணால். அங்கேதான் வந்து நிற்கிறது. எந்தப் பக்கம் சுற்றிப் போனாலும் மனசு திரும்பத் திரும்ப அங்கேதான் வந்து நிற்கிறது. கொஞ்சம் முன்னால் உள்ளே அந்த இருட்டறையில் வைத்து அவர் ஒரு பொய் சொல்லிவிட்டார். பொய் என்றுகூட இல்லை, வாய் பாட்டுக்குச் சொல்லிவிட்டது. கறுப்புக் கரண்டி மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்து, வலது கண்ணை மூடிக்கோங்க ஐயா என்றாள். மூடினார். தமிழ் எழுத்துப் போடவா, இங்கிலீஷ் எழுத்துப் போடவா என்றாள். இங்கிலீஷே போடும்மா என்று சொன்னபோது, பின்னால் நாற்காலியில் இருந்த பூரணம் தொண்டையைச் செருமியது கேட்டது, எட்டாங் கிளாஸ்காரருக்கு என்ன திடீரென்று இங்கிலீஷ் என்று நினைத்திருப்பாள். எதிரே சுவரில் வெளிச்சம் எரிந்தது. எரிந்ததாகத்தான் சொல்ல வேண்டும். இடது கண்ணுக்குத் தெரிந்தது வேறு. ஆரியங்காவுக் குகைக்குள் பாதி தூரம் போனதும் ஹெட்லைட்டைப் புகை தின்றுவிட்ட பிறகு இன்ஜினுக்கு முன்னால் ஒன்று இருக்குமே, இருட்டும் இல்லை, வெளிச்சமும் இல்லை, நனைந்த கம்பளி மாதிரி ஒன்று, அது. அதற்குள் எழுத்தும் இல்லை ஒன்றும் இல்லை. படிங்க ஐயா, என்றாள். ஈ, என்றார். எஃப், பி. டி, ஓ, இசட். எல், பி, ஈ, டி. கீழ ஐயா? பி, ஈ, சி, எஃப், டி. இன்னும் கீழ? ஈ, டி, எஃப், சி, இசட், பி. சூப்பர் ஐயா, இந்த வயசுக்கு நல்ல கண்ணு, என்று சொல்லி அவள் சீட்டில் எழுதிக்கொண்டாள்.

அந்தச் சீட்டு இப்போது பூரணத்தின் மடியில் இருக்கிறது. விசிறிக் காற்றுக்கு அது படபடப்பதும் அவள் உள்ளங்கையால் அமுக்குவதும் கேட்கிறது.

திட்டம் போட்டா சொன்னார். அது ஊறிப்போனது. ரயிலில் டிரைவராக இருந்த எவனை வேண்டுமானாலும் நடுச்சாமத்தில் தட்டி எழுப்பி நாலாவது வரி என்னடா என்று கேட்டால் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வான். கண் பரிசோதனை என்று கடுதாசி வந்துவிட்டால் ரன்னிங் ரூமில், அதான் வெளியூரில் டிரைவர்கள் தங்கிச் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குகிற அந்த நீளக் கட்டடத்தில், ஒரு வாரத்துக்குச் சீட்டாட்டம் கிடையாது. மைதீன் பிச்சைதான் வாத்தியார். குத்தாலிங்கம் ஃபயர்மேனாக இருந்த நாளிலிருந்து கூட ஓடினவன், கரி அள்ளிப் போடுவதிலும் வாய் பேசுவதிலும் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த எழுத்தையெல்லாம் அவன் கும்மி மெட்டில் கட்டியிருந்தான். ஈயெஃப்பி டீயோ இசட்டு என்று அவன் எடுத்துக் கொடுக்க, இடுப்பில் துண்டு கட்டின பெரிய பெரிய மீசைக்காரர்களெல்லாம் ரசத்தைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே எல்பீ ஈடீ என்று பின்பாட்டுப் பாடுவார்கள். கண் நல்லா இருக்கிறவனும் பாடுவான். நல்லா இருக்கிறவன்தான் சத்தமாகப் பாடுவான். பயம். பாஸ் ஆகவில்லை என்றால் இன்ஜினிலிருந்து இறக்கிவிடுவார்கள், சம்பளம் என்னவோ கிடைக்கும், ஆபீஸில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்துவிடுவார்கள், தண்ணீர் கொண்டா, ஃபைலைக் கொண்டு போ. அப்படி இறக்கப்பட்ட ஒருத்தரைச் செங்கோட்டையில் பார்த்திருக்கிறார். தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், வண்டி வருகிற சத்தம் கேட்டால் எழுந்து நிற்பார், வண்டி போனதும் உட்காருவார். லேய் குத்தாலம், என் பொண்டாட்டி பேரு மறந்தாலும் நாலாவது வரி மறக்காதுடே, என்பான் மைதீன் பிச்சை. எந்தப் பொண்டாட்டி அண்ணே, என்று ஒருத்தன் கேட்பான். ஏல, இருக்கிறது ஒருத்திதாம்ல, அவ காதுல விழுந்தா எனக்கு ரெண்டு கண்ணும் இருக்காது. சிரித்துச் சிரித்துக் கரண்டி ரசத்துக்குள் விழுந்துவிடும். ஆனால் ரயிலைக் காப்பாற்றியது வேறு ஒன்று. எழுத்து முடிந்ததும் இருட்டறையில் ஒரு விளக்கை வைத்துச் சின்னச் சின்னதாக நிறம் காட்டுவார்கள், சிவப்பா பச்சையா வெள்ளையா, மாற்றி மாற்றி, அதை எந்த மைதீன் பிச்சையாலும் மெட்டில் கட்ட முடியாது. எழுத்துக்குப் பாட்டுப் படித்தவன் எல்லாம் அந்த விளக்குக்கு முன்னால் உண்மையைத்தான் சொல்லியாக வேண்டும். இங்கே விளக்கு வைத்து நிறம் கேட்கவில்லையே இந்தப் பிள்ளை. கேட்டிருந்தால் தேவலை.

“என்ன பாட்டு முணுமுணுக்கிய?” என்றாள் பூரணம்.

“ஒண்ணுமில்ல.”

“எரியுதோ?”

“இல்ல.”

“கையெடுத்துக் கசக்கிராதிய. அந்தப் பிள்ளை சொல்லியிருக்கா.”

கசக்கவில்லை. இவள் என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரியும், கண்ணைத் திறக்கக் கூடாது. இவள் மூச்சை வைத்துக் கொஞ்சம் சொல்லலாம். மூச்சு ஒரே சீராக வருகிறது, நல்ல இன்ஜின் சமதளத்தில் போகிற மாதிரி. வாழ்க்கையெல்லாம் இவள்தான் அவரைச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். வேலை பார்த்த ஊரில் குவார்ட்டர்ஸ் சிக்னல் கேபினுக்குப் பின்னால்தான். கேபின் என்றால் மாடி வைத்த கண்ணாடி வீடு, உள்ளே ஆள் உயரத்துக்கு வரிசையாக இரும்பு லீவர்கள், இசக்கி என்ற கேபின்காரன் காலை முட்டுக்கொடுத்து ஒரு லீவரை இழுத்தான் என்றால் அரை மைலுக்கு அந்தப் பக்கம் கைகாட்டி சிக்னல் இறங்கும், வண்டி உள்ளே வரலாம் என்று அர்த்தம். இடையில் ஒரு கம்பி. தரையோடு தரையாக, சின்னச் சின்னச் சக்கரங்கள் மேல் ஓடுகிற கம்பி, அது குவார்ட்டர்ஸ் கொல்லைப்புறமாகத்தான் போகும். கம்பி இழுபட்டதும் ஒரு கிறீச், அந்தக் கிறீச்சுக்கு மேய்ந்துகொண்டிருக்கிற கோழியெல்லாம் ஒரு துள்ளுத் துள்ளும். கோழி துள்ளினதும் பூரணம் உலையில் அரிசியைப் போடுவாள். வண்டி ஸ்டேஷனுக்குள் வந்து, இன்ஜினைக் கழற்றி, ஷெட்டில் விட்டு, கையெழுத்துப் போட்டு, கரியைக் கழுவிவிட்டு அவர் வீட்டுக்குள் நுழையவும் சோறு வடிக்கவும் சரியாக இருக்கும். எப்படி ஏட்டி கண்டுபிடிக்க, என்று கல்யாணமான புதுசில் கேட்டதற்கு, கோழி சொல்லுச்சு என்றாள். புரியாமல் ரொம்ப நாள் அலைந்தார், கேபினில் இசக்கியிடம் போய், என் வீட்டுக்காரி கோழி பேசுதுங்கிறா, என்று சொல்ல, அவன் லீவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஆனால் ஒன்று. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் ஓட்டின வண்டியில் இவள் ஏறியது கிடையாது. ஏறினால் அவருக்கு முன்னால் பார்க்க முடியாது, பின்னால் எட்டாவது பெட்டியில் இருக்கிறவளைத்தான் மனசு பார்க்கும் என்று சொல்லியே வைத்திருந்தார். அவர் ஓட்டி இவள் உட்கார்ந்து வந்த வண்டி ரிட்டையர் ஆன பிறகு வாங்கின அந்த டி.வி.எஸ். ஐம்பது ஒன்றுதான்.

அந்த டி.வி.எஸ்.ஸை வைத்துத்தான் இவ்வளவும். இல்லையென்றால் கண்ணில் புரை விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போவதில் என்ன வந்தது, ஊரில் விழாத கண்ணா. மகள் கோயம்புத்தூரிலிருந்து போனில் சொல்கிறாள், அப்பா, இந்தத் தடவை கண்ணைக் காட்டுங்க, டாக்டர் ஓட்டலாம்னு சொன்னா ஓட்டுங்க, வேண்டாம்னுட்டா வண்டியை வித்திருவேன். வித்திருவேன் என்று அவள் சொன்னபோது இன்ஜினை உருக்கக் கொண்டுபோன நாள்தான் ஞாபகத்துக்கு வந்தது. டீசல் வந்தபோது நீராவி இன்ஜின்களில் ஒன்றிரண்டைத்தான் பெயின்ட் அடித்துப் பெரிய ஸ்டேஷன் வாசல்களில் நிறுத்தினார்கள், மிச்சம் துண்டு துண்டாகப் போனது. அதற்காக அழுகிற ஆள் இல்லை அவர். இரும்புதானே. மீட்டர்கேஜ் என்கிற பழைய குறுகல் பாதையைப் பிடுங்கிவிட்டுப் போட்ட புதுப் பாதையில் வண்டி வேகமாகப் போகிறது, சென்னைக்கு ராத்திரி ஏறினால் விடிய இறங்கலாம், நல்லதுதான். அவருக்கு வேண்டியது கொஞ்சம்தான். முன்னால் ஒரு பாதை இருக்க வேண்டும், கையில் ஒரு பிடி இருக்க வேண்டும், பின்னால் யாராவது நம்பி உட்கார்ந்திருக்க வேண்டும். அதையும் எடுத்துவிட்டால் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்து ஸ்டூல்தான். அதனால்தான் வாய் பாட்டுக்குப் பாடியது. பாடியது நல்லதற்குத்தான். வலது கண் போதும். ஒற்றைக் கண்ணால் இந்தத் தென்காசி ரோட்டில் போக முடியாதா. முடியாது என்று எவன் சொன்னது. மலைப்பாதையில் மழைக்காலத்தில் ரெண்டு கண் இருந்தும் ஒன்றும் தெரியாமல் போயிருக்கிறாரே. போயிருக்கிறார், ஆனால் எப்படிப் போனார், நடக்கிற வேகத்துக்குப் போனார். சிக்னல் மங்கலாக இருந்தாலும், விளக்கு அணைந்து கிடந்தாலும், கைகாட்டி பாதியில் தொங்கினாலும், அது சிவப்பு என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். தெரியாதது எல்லாம் சிவப்பு. அப்படித்தான் விதி. தெரியாததைப் பச்சை என்று சொன்னவன் எவனும் அவருக்குத் தெரிந்து இல்லை. இன்றைக்கு ஒருத்தன் சொல்லியிருக்கிறான். ஈ, டி, எஃப், சி, இசட், பி.

அந்தப் பிள்ளையின் பாடு என்னவாகும் என்று அப்போதுதான் தோன்றியது. இந்த மருந்து கருமணியை விரித்துவிடுமாம், விரிந்த பிறகு டாக்டர் விளக்கை அடித்து உள்ளே பார்ப்பாராம், அவளே சொன்னாள். உள்ளே பார்த்தால் கம்பளி கிடக்கும். சீட்டில் கடைசி வரி வரைக்கும் படித்தார் என்று எழுதியிருக்கும். யாரும்மா டெஸ்ட் பண்ணினது என்று கேட்பார்கள். ரயிலில் பார்க்காததா. ஏதாவது ஒன்று கோணலாகிவிட்டால் விசாரணை மேலே ஏறுகிறபோது தலைப்பாகை கட்டிக்கொண்டு போகும், கீழே இறங்குகிறபோது கடைசியில் கொடி பிடித்து நின்றவன் தலையில்தான் வந்து உட்காரும். பெனினா புதுசு. சொட்டு விடும்போது இமையைப் பிடிக்க ரெண்டு தரம் தடுமாறினாள், விட்டதும் ஸாரி ஐயா என்று அவளாகவே சொன்னாள். வேலைக்குச் சேர்ந்து எத்தனை நாள் ஆகிறதோ. அப்பா அம்மா என்ன செய்கிறார்களோ. கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன, அவள் அப்பன் அவரை நம்பியா பிள்ளையை வேலைக்கு அனுப்பினான். ஆனால் அவள் நம்பினாள். இந்த வயசுக்கு நல்ல கண்ணு. அதைச் சொன்னபோது குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது, அவளுக்கே கண் கிடைத்த மாதிரி.

பெஞ்சு ஒரு பக்கம் அமுங்கியது. யாரோ கனத்த ஆள் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும், வெற்றிலை வாசம் அடித்தது. பூரணம் உடனே பேச்சைத் தொடங்கிவிட்டாள், பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர்களிடம் பேசாமல் இருந்தால் அவளுக்குத் தலைவலி வந்துவிடும்.

“எந்தூரு?”

“புளியங்குடி. நீங்க?”

“இங்கனதான், பக்கத்துல. கண்ணு காட்ட வந்தியளோ?”

“பின்ன, கண்ணாஸ்பத்திரிக்குப் பல்லு பிடுங்கவா வருவாவ,” என்றது கனத்த குரல். கோபம் இல்லை, நாக்கு அப்படி. “இவரு உங்க வீட்டுக்காரரா? தூங்குதாரா?”

“மருந்து விட்டிருக்கு. மூடிக்கிட்டு இருக்காவ. ரயில் டிரைவரா இருந்தாவ.”

அதைச் சொல்லாமல் இவளுக்கு ஒரு வாக்கியம் முடியாது. காய்கறிக் கடையிலும் சொல்வாள். ரயில் டிரைவரா இருந்தாவ, கத்திரிக்காயைப் பொறுக்கிப் போடு.

“அப்படின்னா கண்ணு நல்லாத்தான் இருக்கும்,” என்றாள் புளியங்குடிக்காரி. “எங்க மச்சானுக்கு அந்த வேலைக்குப் போகணும்னு ஆசை. கண்ணுல பெயிலாயிட்டான். இப்பம் புரோட்டாக் கடை வச்சிருக்கான். நல்லா ஓடுது.”

“கண்ணு எப்படின்னு டாக்டர்தான் சொல்லணும்,” என்றாள் பூரணம்.

என்ன இவள் இப்படிச் சொல்கிறாள். நியாயமாக, பாஸாயிட்டாவ, கடைசி வரி வரைக்கும் படிச்சாவ, என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும். சீட்டை எடுத்துக் காட்டியிருக்க வேண்டும். இட்லி பூப்போல வந்தாலே நாலு வீட்டுக்குச் சொல்கிறவள். குத்தாலிங்கத்துக்கு முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. மூடின இமைக்குள் சிவப்பாக ஏதோ மிதந்தது, ஜன்னல் வெயிலாக இருக்கும், வலது பக்கம் சிவப்பு நன்றாக இருந்தது, இடது பக்கம் துருப்பிடித்த மாதிரி இருந்தது. சாயங்கால நேரத்துக் கைகாட்டி விளக்கு மாதிரி. மண்ணெண்ணெய் விளக்கைத் தோளில் தொங்கப் போட்டுக்கொண்டு லாம்ப்மேன் கம்பத்தில் ஏறி வைத்துவிட்டு இறங்குவான், வெளிச்சம் இன்னும் முழுசாகப் போயிருக்காது, அந்த நேரத்தில்தான் கண் ஏமாறும், கை தெரிந்தும் தெரியாது, விளக்கும் எரிந்தும் எரியாது. அந்த நேரத்துக்கு இன்ஜினில் ரெண்டு பேரும் வாயை மூட மாட்டார்கள். டீசல் வந்த பிறகு அது இன்னும் அதிகம். மீட்டர்கேஜ் டீசல் இன்ஜினுக்கு மூக்கு நீளம், அந்த நீள மூக்கு முன்னால் போகிற நாளில் டிரைவருக்கு அவர் பக்கத்து ஜன்னல்தான் உலகம், வளைவு மறுபக்கம் திரும்பிவிட்டால் அவருக்கு ஒன்றும் தெரியாது, அந்தப் பக்கம் நிற்கிற அசிஸ்டென்ட்தான் கண். மைதீன் பிச்சை அந்தப் பக்க ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு, ஸ்டேஷனுக்கு வெளியே முதலில் வருகிற கைகாட்டியைப் பார்த்துக் கத்துவான், அவுட்டர் இறங்கியிருக்கு! இவர் திருப்பிச் சொல்வார், அவுட்டர் இறங்கியிருக்கு. கேட்டு மூடியிருக்கு! கேட்டு மூடியிருக்கு. பார்த்தவன் சொல்ல வேண்டும், பார்க்காதவன் திருப்பிச் சொல்ல வேண்டும், அப்போதுதான் ரெண்டு பேர் தலையும் ஒரே தலை ஆகும். மைதீன் பிச்சைக்குச் சிக்னலோடு மற்றதையும் சேர்த்துச் சொல்கிற பழக்கம். ஹோம் சிக்னல் இறங்கியிருக்கு, மாமரத்துல காய் இறங்கியிருக்கு, ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பை இறங்கியிருக்கு. இவர் சிரிக்காமல் எல்லாவற்றையும் திருப்பிச் சொல்வார். எதைத் திருப்பிச் சொல்கிறோம் என்றே தெரியாமல் வாய் சொல்லும். மைதீன் பிச்சை இல்லாமல் ஆகி நாலைந்து மழை போய்விட்டது. அப்புறம் யாரும் அப்படி அவருக்கு வாய் ஓயாமல் சொன்னது இல்லை. சொன்னது இல்லையா. இன்றைக்குக் காலையில்கூட, இங்கே வருகிறபோது, பின்னால் உட்கார்ந்துகொண்டு பூரணம், அங்கன ஒரு ஆடு நிக்கி பாருங்க, என்றாள். ஆடு நிக்கி, என்றார் இவர். பள்ளம் வருது. பள்ளமா, சரி. பால்காரன் சைக்கிளை நடுரோட்டுல போட்டுக்கிட்டு நிக்கான் பாத்தியளா, அவனுக்கு அறிவு இருக்கா. அவனுக்கு எங்க இருக்கு. இடது பக்கம் பஸ்ஸு திரும்புது. அவன் திரும்பட்டும், நமக்கு என்ன அவசரம். வயசானால் பொம்பளைகளுக்கு வாய் நீண்டுவிடும் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தார். முன்னெல்லாம் வண்டியில் இவள் பேசவே மாட்டாள், சேலை சக்கரத்தில் மாட்டிவிடும் என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு சாமி கும்பிடுகிற மாதிரி வருவாள். எப்போதிலிருந்து பேசுகிறாள். நினைத்துப் பார்த்தார். போன குற்றாலச் சீசன். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக, இடது பக்கம் நாய் படுத்திருக்கு என்றாள். இடது பக்கம். ஆடும் இடது பக்கம். பஸ்ஸும் இடது பக்கம். பள்ளமும். வலது பக்கத்தைப் பற்றி இவள் ஒரு நாளும் வாயைத் திறந்ததே இல்லை.

மின்விசிறி டொக்கென்றது. இன்னொரு டொக்குக்கு ரொம்ப நேரம் ஆன மாதிரி இருந்தது.

ஒரு வருஷமாக அவர் ஓட்டவில்லை. கைப்பிடி அவர் கையில் இருந்தது, அவ்வளவுதான். இந்த நினைப்பு வந்ததும் வெட்கமாக இருக்கும் என்று எதிர்பார்த்தார், கோபமாவது வரும் என்று எதிர்பார்த்தார், ரெண்டும் வருகிற வழியில் எங்கேயோ நின்றுவிட்டன. உள்ளங்கையில் மட்டும் ஒரு சூடு. பயம்கூடக் கொஞ்சம், ஆனால் அது தனக்காக இல்லை, அந்தச் சாரலில், அந்த ரோட்டில், முந்தானையை விட்டுவிட்டு எட்டி எட்டி இடது பக்கம் பார்த்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்து வந்திருக்கிறாளே. இறங்கிக்கொள்கிறேன் என்று ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எங்கே கூப்பிட்டாலும் ஏறி உட்கார்ந்தாள்.

“ஏட்டி,” என்றார் மெதுவாக. புளியங்குடிக்காரி காதில் விழக் கூடாது.

“ம்.”

“உனக்கு எப்பம் தெரியும்?”

என்னது என்று பூரணம் கேட்கவில்லை. சீட்டை அவள் கை ரெண்டாக மடித்து மறுபடி பிரித்தது.

“கல்யாணமான நாள்லயிருந்து உங்களுக்கு இடது பக்கந்தான் நடந்தேன்,” என்றாள். “போன வருஷம் கோயிலுக்குப் போவுறப்ப, இந்தப் பக்கம் வான்னு வலது பக்கம் மாத்திக்கிட்டிய. சரி, வெயிலுக்குன்னு நினைச்சேன். திரும்பி வாறப்பயும் வலது பக்கம். அப்பம் வெயிலும் வலது பக்கம் போயிருச்சு. இடது பக்கம் உங்களுக்குத் தெரியலன்னு அப்பந்தான் விளங்குச்சு.”

“ஏன் சொல்லல?”

“நீங்க சொல்லுவியன்னு இருந்தேன்.”

“நான் உள்ள சொன்னதைக் கேட்டேல்லா?”

“கேட்டேன். மைதீன் அண்ணன் பாட்டு.” அவள் குரலில் ஒரு சிரிப்பு வந்து, வந்த வேகத்திலேயே திரும்பிப் போனது. “அவரு சம்சாரம் ஒரு தடவை வீட்டுக்கு வந்தப்ப முழுசும் பாடிக் காட்டினாவ. எனக்கும் பாடம். நாலாவது வரிக்கு மட்டும் ராகம் மாறும்.”

மூடின கண்ணிலிருந்து மருந்து மறுபடி கன்னத்தில் இறங்கியது, மருந்து என்றுதான் நினைத்தார். பூரணம் பஞ்சை அவர் கையிலிருந்து வாங்கி அவளே ஒற்றினாள். பயமா இருக்கோ, என்று கேட்டாள். எதுக்கு, என்றார். ஆபரேஷன் கத்திக்கு. கத்திக்கு இல்ல. பின்ன? அவர் யோசித்தார். ஸ்டூலைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்தார், அந்தத் தண்ணீர்ப் பானைக்காரரைப் பற்றி, வண்டி வந்தால் எழுந்து நிற்பதையும் போனால் உட்காருவதையும். அதை எப்படிச் சொல்வது. சொல்லிவிட்டால் அந்த ஸ்டூல் நிசமாகிவிடும். வண்டியை அவ வித்திருவா, என்றார் கடைசியில், மகளை நினைத்து. குரல் சின்னப் பிள்ளை குரல் மாதிரி வந்துவிட்டது. விக்கட்டும், என்றாள் பூரணம். விக்காட்டி நிக்கட்டும். அதுக்கு என்ன, சோறா போடணும்.

டோக்கன் அறுபத்தி ஏழு, குத்தாலிங்கம், என்று யாரோ கூப்பிட்டார்கள். கண்ணைத் திறக்கலாம் ஐயா, வாங்க, என்று பெனினாவின் குரல் பக்கத்தில் வந்தது. திறந்தார். உலகம் முழுக்க வெள்ளை வெளேரென்று வெயிலில் காய்ச்சி ஊற்றினதுபோல இருந்தது, ஆட்கள் விளிம்பு இல்லாமல் நடந்தார்கள், புளியங்குடிக்காரி ஒரு பெரிய மஞ்சள் மூட்டையாகத் தெரிந்தாள். பூரணம் எழுந்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல், அவருடைய இடது பக்கம் வந்து நின்று முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே டாக்டர் ஒரு பெண், சின்ன வயசு, முன்னால் நாடியை, அதான் மோவாயை, வைத்துப் பார்க்கிற கருவி. சீட்டைப் பார்த்துவிட்டு, பரவால்லையே, ரெண்டு கண்ணுமே நல்லா படிச்சிருக்கீங்களே, என்றாள். நாடியை இதுல வையுங்க. பெனினா பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் நாடியை வைக்கவில்லை. வைத்தால் விளக்கு உள்ளே போய்விடும், விளக்கு போய்ப் பார்த்துவிட்ட பிறகு சொன்னால் அது சொன்னதாக ஆகாது. அது வேறு. பிடிபட்டது என்று அதற்குப் பெயர்.

“டாக்டரம்மா,” என்றார். “இடது கண்ணுக்கு எழுதியிருக்கே, அது பாத்துச் சொன்னதில்ல. பாராமச் சொன்னது.”

“என்ன ஐயா?”

“எங்களுக்கெல்லாம் அந்த அட்டை பாடம். ரயில்ல இருந்தவன். சுவத்துல ஒண்ணுமே தெரியல எனக்கு. இந்தப் பிள்ளை சரியாத்தான் கேட்டா. தப்பு அவமேல இல்ல.”

டாக்டர் சீட்டைப் பார்த்தாள், பெனினாவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். சிரிக்கலாமா கோபப்படலாமா என்று அவளுக்கே தெரியாமல் இருந்திருக்கும். எத்தனை நாளா தெரியல, என்று கேட்டதற்குப் பின்னாலிருந்து பூரணம், போன சீசன்லயிருந்து, என்றாள். மறுபடி பாருங்க பெனினா, என்றாள் டாக்டர், இந்தத் தடவை எழுத்து வேண்டாம். பெனினா அந்தக் கறுப்புக் கரண்டியை அவர் கையில் கொடுத்தாள், அவர் அதை வாங்கி வலது கண்ணை ஓட்டையில்லாமல் மூடிக்கொண்டார். கம்பளி வந்து முன்னால் தொங்கியது.

“எத்தனை விரல் ஐயா?”

“தெரியலம்மா.”

அந்த வார்த்தையை இந்த மாதிரி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வாழ்நாளில் முதல் தடவையாகச் சொன்னார். நாற்காலி அப்படியேதான் இருந்தது. சொல்லிப் பார்க்க இன்னொரு தடவை கேட்க மாட்டாளா என்று இருந்தது.

“இப்ப? கிட்ட வந்துட்டேன்.”

“தெரியல.”

“முகத்துக்கு முன்னாலயே காட்டுறேன் ஐயா. எத்தனை?”

“தெரியலம்மா. கை இருக்குன்னு நீ சொல்லுத, அதனால இருக்குன்னு நினைக்கேன்.”

“சரி, எண்ண வேண்டாம். கை அசையுதா, சும்மா நிக்குதா, அதை மட்டும் சொல்லுங்க.”

கம்பளிக்குள் எதுவோ ஒன்று இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிற்று. மறுபடி அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம். நிழலுக்கும் நிழல் மாதிரி. விரல் இல்லை, வளையல் இல்லை, யார் கை என்று இல்லை, கை வீசுகிறது, அவ்வளவுதான். ஒரு தடவை மழைக்கு அப்புறம் இடப்பாளையம் தாண்டி விறகு பொறுக்குகிற ஒரு கிழவி லைன் ஓரமாக நின்று ரெண்டு கையையும் இப்படி வீசினாள். கொடி இல்லை, விளக்கு இல்லை. யாராக இருந்தாலும் சரி, கையை அப்படி வீசினால் ஏன் எதற்கு என்று கேட்காமல் நிறுத்திவிட வேண்டும், அவ்வளவு பெரிய வண்டியை மலைச்சரிவில் பிரேக் கதறக் கதற நிறுத்தினார். இறங்கி ஓடிப் போய்ப் பார்த்தால், அவள் தேனீயை விரட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு ஜன்னல் தலை நீட்டிச் சனங்கள் சிரித்தார்கள். கார்டு வந்து சிரித்தார். கிழவிகூடச் சிரித்தாள். ஆனால் நிறுத்தினதற்காக ஒருத்தரும் அவரை ஒரு சொல் சொல்லவில்லை, அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. நிறுத்தினவனை யாரும் ஏசுவது கிடையாது.

“அசையுதா ஐயா?”

“அசையுதும்மா,” என்றார் குத்தாலிங்கம். “நிறுத்திட்டேன்.”

“என்னத்த நிறுத்துனீங்க?” என்றாள் பெனினா ஒன்றும் விளங்காமல்.

“அவுக அப்படித்தான் சொல்லுவாவ,” என்றாள் பூரணம் பின்னாலிருந்து. “கை அசையுறது தெரியுதுன்னு எழுதிக்கோ தாயி. அது நிசந்தான்.”